ஒன்பதடிப் பலகையும் ஒரு முழ அலையும்

கொச்சி கோட்டைப் பகுதியில், வேலியை அடுத்த சலவைக் கூடம். டச்சுக்காரர்கள் அழைத்து வந்ததாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே துணி வெளுக்கிறார்கள். ஜனவரிக் காலையில் வாசலில் வந்து நின்ற டாக்ஸியின் கூரையில் மூன்று நீளப் பொதிகள். "என்ன தம்பி, இஸ்திரி மேசையா?" என்று கேட்கிறார் பெரியவர் ஒருவர்.

இல்லை, சர்ஃபிங் பலகைகள். சொந்தக்காரருக்கு வயது நாற்பதைத் தொடுகிறது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. நகரை அடுத்த கோவளத்தில் மீனவ இளைஞர்களிடம் அலையேறக் கற்றவர். (கேரளத்துக் கோவளம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு.) மட்டாஞ்சேரியில் மனைவியின் அக்கா வீடு. அதுதான் கொச்சிக்கு வரக் காரணம்.

போன முறை அவர் ஒரே ஒரு பலகையோடு வந்தார். ஆறடி நீளம், கூரிய மூக்கு, படங்களில் வீரர்கள் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த வகை. ரயில் பெர்த்துக்குப் பக்கத்தில் ஒருவழியாகச் சாய்த்துவைக்க முடியும் என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதிக் காரணம். மீதிக் காரணம் வீம்பு. எட்டு நாள் லீவில் ஒரு அலைகூட அவரைத் தூக்கவில்லை.

முதல் தவறு மட்டாஞ்சேரியிலேயே தொடங்கியது. கடல் அருகில் இருக்கிறது என்று நம்பி, யூதத் தெருவைத் தாண்டி நீர்க்கரைக்கு நடந்தார். எதிரே வெலிங்டன் தீவு. அது காயல். "இவிடெ திரயில்லல்லோ சேட்டா" என்று டீக்கடைக்காரர் பரிதாபப்பட்டார். அலை மேற்கே, கோட்டைக் கடற்கரைக்கு அப்பால். அங்கேயும் துறைமுக வாயிலில் சர்ஃபிங் செய்ய வழியில்லை. அந்த வாயிலை அடைத்துக்கொண்டிருந்த மணல்திட்டைப் பிரிட்டிஷ் எஞ்சினியர் ராபர்ட் பிரிஸ்டோ 1920களில் வெட்டி ஆழமாக்கினார். கப்பலுக்கு அது வரம். அலை உடைவதற்கோ ஆழம் குறைய வேண்டும். தன் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வரும்போதுதான் அலை கவிழும். போதாக்குறைக்கு, வாயிலில் நீரோட்டமும் படகுகளும்.

ஆகவே ஜங்காரில் வைப்பின் தீவுக்குக் கடந்து, அங்கிருந்து வடக்கே செராய் போக வேண்டும். மணல் கடற்கரை. ஜனவரியில் அலை முழங்காலைத் தாண்டினாலே விசேஷம். வேகமும் இல்லை. ஆறடிப் பலகை சுமார் முப்பது லிட்டர் கன அளவுதான்; எழுபத்தைந்து கிலோ மனிதரை அது அரைகுறையாகவே மிதக்க விடும். துடுப்புப் போலக் கையை வீசி அலையின் வேகத்தைப் பிடிப்பதற்குள் அலை போய்விடுகிறது. ஒன்பதடிப் பலகையோ அதைப்போல இரண்டு மடங்கு தாங்கும். அகலமும் அதிகம். சோம்பேறி அலையும் அதைத் தள்ளிக்கொண்டு போகும்.

கொச்சிக்காரர்களுக்கு இது புதிய பாடமல்ல. காயலுக்கு ஒரு வஞ்சி, கடலுக்கு ஒரு வள்ளம் என்று வைத்திருப்பவர்கள் அவர்கள். சென்னையிலிருந்து வருகிறவர்தான் எல்லா நீரும் ஒன்று என்று நினைத்தார்.

இந்த முறை மூன்றையும் பார்சல் வேனில் போட்டு வந்தார். ஒன்பதடி, ஏழரை அடி, ஆறடி. செராயில் முதல் நாளே ஒன்பதடிப் பலகையில் பதினோரு தடவை எழுந்து நின்றதாகக் கணக்குச் சொல்கிறார். பத்து வயது மகளும் அதன் முன்பக்கத்தில் குப்புறப் படுத்தபடி இரண்டு தடவை கரை சேர்ந்தாள். ஏழரை அடி ஒரு நாள் மட்டும் நனைந்தது. ஆறடியின் உறையே பிரிக்கப்படவில்லை.

திரும்பும் நாளில் அதைச் சலவைக் கூடத்துப் பெரியவர் வீட்டில் வைத்துவிட்டுப் போக அனுமதி கேட்டார். ஜூனில் மழைக்காலம் தொடங்கினால் அலை ஆளுயரத்தைத் தாண்டுமே, அப்போது வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

பெரியவர் பலகையை வாங்கிக் கதவோரம் சாய்த்தார். "வையுங்க தம்பி, பத்திரமா இருக்கும். ஆனா ஜூன்ல கடல் காத்தோட சேர்ந்து கலங்கிக் கிடக்கும். மீன் பிடிக்கிறவங்களே ஒதுங்கி நிப்பாங்க. பிள்ளையைக் கூட்டிட்டு வரதுன்னா ஜனவரியிலயே வாங்க."