எனக்கு இந்தி மறந்த வருடம்

முதலில் போனது இந்திதான். தமிழுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் கணவரோடு பேசினேன், மலை மந்திர் கோயிலில் பார்க்கிற தோழிகளோடு பேசினேன், எல்லாம் பழையபடியே இருந்தது. தெருவில் இறங்கினால்தான் திகைப்பு. காய்கறி வண்டிக்காரர் சொல்லும் விலை பிடிபடவில்லை. மெட்ரோ அறிவிப்பு வெறும் இரைச்சலாக வந்தது. சாப்பிடும்போது மருமகள் சொல்லும் அலுவலகக் கதை பாதியில் அறுந்து போனது.

நான் 1979இல் மத்திய அரசு குமாஸ்தாவாக டெல்லிக்கு வந்தவள். கரோல்பாகில் ஒரு சீக்கியக் குடும்பத்தின் மொட்டைமாடி பர்ஸாத்தியில் குடியிருந்தோம். அந்த வீட்டம்மாளிடம் கற்ற இந்தி என்னுடையது. அந்த இந்தியில் பேரம் பேசியிருக்கிறேன், டிடிசி பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டிருக்கிறேன், 1984 நவம்பரில் சீக்கியர்களுக்கு எதிரான கலவரத்தின்போது கதவைத் தாழிட்டுக்கொண்டு நடுங்கிய அந்த அம்மாளின் கையைப் பிடித்தபடி விடிய விடியப் பேசியிருக்கிறேன். நாற்பது வருடப் பேச்சு. எழுபதை நெருங்கும் நேரத்தில் அது என்னை விட்டுப் போகிறது என்று நினைத்தேன்.

அந்தப் பயம் சும்மா வரவில்லை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் கீழ் வீட்டில் ஒரு வங்காளப் பெரியவர் இருந்தார். மறதி நோய் முற்ற முற்ற ஆங்கிலம் போயிற்று, பிறகு இந்தி போயிற்று, கடைசியில் சிறு வயது வங்காளம் மட்டும் மிஞ்சியது. அந்த நோயில் பின்னால் கற்ற மொழி முன்னால் கழன்றுகொள்வது உண்டு என்று அப்போது கேள்விப்பட்டிருந்தேன். அதே கணக்கு எனக்கும் தொடங்கிவிட்டது என்று தோன்றியது. அதை யாரிடமும் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ராத்திரி படுத்துக்கொண்டு இந்தி எண்களைச் சொல்லிப் பார்ப்பேன். இக்யாவன், பாவன், திர்பன். நாக்குக்கு எல்லாம் தடையில்லாமல் வந்தன. சொல்ல வருகிற மொழி கேட்கும்போது மட்டும் ஏன் தொலைகிறது என்று யோசிக்கப் பயம் விடவில்லை.

எல்லாவற்றையும்விட வலித்தது பேரன் விஷயம். அப்போது அவனுக்கு ஆறு வயது. அவன் அம்மா லக்னோக்காரி, அதனால் அவன் பேச்சு இந்தி. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஓடி வந்து கதை சொல்வான். நான் ‘க்யா?’ (என்ன?) என்பேன். திரும்பச் சொல்வான். மறுபடியும் ‘க்யா?’ என்பேன். ‘குச் நஹீ, பாட்டி’ (ஒன்றுமில்லை, பாட்டி) என்று சொல்லிவிட்டுத் தாத்தாவிடம் போய்விடுவான். கொஞ்ச நாளில் நேரே தாத்தாவிடமே போகத் தொடங்கினான். அந்தக் குழந்தை மேல் எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டதற்காக அழுகையும் வந்தது. ஆள் கூடும் இடத்துக்குப் போவதே குறைந்தது. தமிழ்ச் சங்கத்தில் நிகழ்ச்சி என்றால் முழங்கால் வலி என்பேன். எதிரொலிக்கிற அரங்கில் தமிழே என்னைக் களைப்பாக்கத் தொடங்கியிருந்தது.

மகன் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். “அம்மா, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமே” என்றான். முதலில் போன இடத்தில் ஒரு சிறிய அறை, உறுமும் ஏசி, முகக்கவசம் அணிந்த இளம்பெண். கடகடவென்று இந்தியில் ஐந்து சொற்கள் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குக் கேட்ட ஐந்தை நான் திருப்பிச் சொன்னேன். அவை அவர் சொன்ன ஐந்து அல்ல. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எத்தனை காலம் டெல்லியில் இருந்தாலும் எங்களுக்கெல்லாம் மனக்கணக்கு தமிழில்தான். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று உள்ளே ஓடியதை திரானவே, சியாஸி என்று மாற்றிச் சொல்வதற்குள் அடுத்த கணக்கு தவறியது. தாளில் இருந்த கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொன்னார். அதன் உள்கோடுகள் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தன. அறிவுத்திறன் லேசாகக் குறைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். காதையும் கண்ணையும் பற்றி யாரும் கேட்கவில்லை. காதில் விழாத சொல்லை ஒருத்தி எப்படி நினைவில் வைப்பாள்?

அடுத்து ஒரு முதியோர் மருத்துவரிடம் போனோம். அவர் கேள்வி எதுவும் கேட்காமல் எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். பிறகு முன்னால் வந்து, “உங்கள் முதுகுப் பக்கம் ஒரு கை தூரத்தில் நின்று எண்ணும் எழுத்தும் மெல்லச் சொன்னேன், திருப்பிச் சொல்லச் சொன்னேன்” என்றார். அவர் வாய் திறந்ததே எனக்குத் தெரியாது. இரண்டு காதிலும் குறும்பி அடைத்திருந்தது. அதை எடுத்த பிறகு ஆடியோகிராம் எடுத்தார்கள். கோடு இடது பக்கம் மேலே இருந்தது, உச்ச சுருதிக்கான வலது பக்கம் சரிவாக இறங்கியது.

அந்தச் சரிவுதான் என் இந்தி. வயதால் வரும் செவிக்குறைவு பெரும்பாலும் உச்ச சுருதி ஓசைகளில் தொடங்குகிறது. பேச்சில் உயிரோசைகள் கனமானவை, அவை கேட்டுவிடும். ச, ஸ, த, ப, க போன்ற மெய்யோசைகள் மெலிந்தவை, அவைதான் முதலில் கரையும். அதனால் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது கேட்காது. பீஸ் என்றால் இருபது, தீஸ் என்றால் முப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் முதல் மெய்யில் மட்டும். பச்சாஸி, சியாஸி, சத்தாஸி, அட்டாஸி, இவை எண்பத்தைந்து முதல் எண்பத்தெட்டு வரை. வால் எல்லாவற்றுக்கும் ஒன்றே. என் கணவரின் குரல் கட்டை, அது கேட்டது. குழந்தையின் குரல் கீச்சு, அது கேட்கவில்லை.

தமிழ் மட்டும் ஏன் கேட்டது என்றால், தாய்மொழியில் பாதி காதில் விழுந்தாலே மீதியை மனம் போட்டு நிரப்பிக்கொள்கிறது. பின்னால் கற்ற மொழியில், அதுவும் சுற்றிலும் சத்தம் இருந்தால், எவ்வளவு சரளமாகப் பேசுகிறவர்களுக்கும் இந்த நிரப்பல் அவ்வளவு கைகொடுப்பதில்லை. என் காது பல வருடமாகக் குறைந்துகொண்டு வந்திருக்கிறது, தமிழ் அதை மூடி மறைத்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்து டெல்லியில் கிழவர்களாகிவிட்ட எல்லோருக்கும் இது நடக்கலாம்: மலையாளிகள், வங்காளிகள், தெலுங்கர்கள். இதைப் பற்றி யாரும் எங்களிடம் பேசியதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. முதல் கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த வாரம், மருமகள் பேசுவது முன்னைவிடப் புரிந்தது. காது கருவி அப்போது இன்னும் வாங்கவில்லை. ஏன் என்று ஆடியாலஜிஸ்டிடம் கேட்டேன். நாம் எல்லோருமே அறியாமல் உதட்டைப் பார்த்துத்தான் கேட்கிறோம் என்றார். 1976இல் மக்கர்க், மெக்டொனால்டு என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஒரு படத்தைக் கொண்டு காட்டியிருக்கிறார்கள். வாய் ‘க’ என்று அசையும், ஒலி ‘ப’ என்று வரும், பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் ‘த’ என்று கேட்பார்கள். கண்ணும் சேர்ந்து குறைந்தவர்களுக்கு அந்தத் துணையும் போய்விடுகிறது. முகக்கவசம் எங்களை எப்படி வாட்டியது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

மூளைக்கும் காது, கண் குறைவுக்கும் உள்ள தொடர்பை, கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். லான்செட் இதழின் மறதி நோய்க் குழு 2017இலேயே செவிக்குறைவை, மாற்றக்கூடிய காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. 2024 அறிக்கையில் சரிசெய்யாத பார்வைக் குறைவும் சேர்ந்தது. இப்போது காரணங்கள் 14. அவற்றையெல்லாம் கவனித்தால் உலகின் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. செவிக்குறைவு எப்படி மறதியில் முடிகிறது என்பதற்கு விளக்கங்கள் பல. ஒன்றை என் உடம்பே ஒப்புக்கொள்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஊகித்துக் கேட்பது ஒரே சம்பளத்தில் இரண்டு வீட்டுக்கு வாடகை கட்டுவது போல. ஊகிக்கவே மூளை செலவாகிவிடும், நினைவில் வைக்க மிஞ்சாது. இன்னொன்று தனிமை. முழங்கால் வலி என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்தவளுக்கு அதையும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கருவி மாட்டினால் மறதி வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரை மூன்று வருடம் கவனித்த அச்சீவ் ஆய்வு 2023இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர்களில் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவில் மட்டும் அறிவுத்திறன் சரிவது 48 சதவீதம் மெதுவானது. கண்புரை பற்றி 2022இல் வந்த ஆய்வு 3,000க்கு மேற்பட்ட முதியவர்களைப் பற்றியது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் ஆபரேஷனுக்குத் துணிகிறார்களோ என்ற சந்தேகம் அதில் முழுக்கத் தீராது. எனக்கு இவ்வளவு போதும். மறதியைத் தள்ளிப்போடுகிறதோ இல்லையோ, எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசுவது புரிவதே ஒரு மனுஷிக்குத் தேவைதான்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று லாசி-டாட் ஆய்வு 2023இல் சொன்னது. டெல்லி எய்ம்ஸ் முதியோர் மருத்துவத் துறையும் அதில் பங்குகொண்டது. யாரை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதிலும் இந்த ஊருக்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1990களில் பக்கத்து ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியவர்களுக்காகவே இந்தியில் ஒரு பரிசோதனையை உருவாக்கினார்கள். ‘கண்ணை மூடு’ என்று எழுதியிருப்பதைப் படித்துச் செய் என்று கேட்பதற்குப் பதிலாக, நான் செய்வதைப் பார்த்துச் செய் என்று கேட்டார்கள். பார்வை இல்லாதவர்களுக்கென்று, பார்த்துச் செய்ய வேண்டியவற்றை எடுத்துவிட்டு 22 மதிப்பெண்ணுக்கு நடத்தும் சோதனையும் இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறையில் கொஞ்சம், ஒரு எழுபது வயது தமிழச்சி வந்து உட்காரும்போது இருக்கக் கூடாதா?

கண்ணுக்கும் காதுக்கும் நாம் ஒரே மரியாதை கொடுப்பதில்லை. பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976இல் வந்தது. காது கேளாமைக்கான திட்டம் வர 2006-07 ஆயிற்று. வீட்டிலும் அப்படியே. கண் ஆபரேஷனை எல்லோருக்கும் போன் செய்து சொன்னேன். காது கருவி வந்த பிறகு தலைமுடியைத் தாழ வாரி அதை மறைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மருமகள்தான் ஒருநாள் என் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, பேரனிடம், “பாட்டியின் காது இது, இந்தப் பக்கம் வந்து பேசு” என்று காட்டினாள்.

கருவி முதல் நாளே இனிக்காது. குக்கர் விசில், பேப்பர் புரட்டும் சத்தம், பிளாஸ்டிக் பை எல்லாம் காதைக் கிழிக்கும். மூளை இவற்றை ஒதுக்கப் பழகச் சில வாரமாவது ஆகும், இடையில் இரண்டொரு முறை போய்ச் சுருதி மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குள் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறவர்களும் உண்டு. டெல்லி ஜனவரிக் குளிரில் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்தால் கருவி கூவும். தொப்பியைத் தளர்த்தினால் நிற்கும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சிஜிஹெச்எஸ் மருத்துவத் திட்டம் ஓர் உச்சவரம்பு வரை பணம் தருகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் கண்ணாடியும் காது கருவியும் இலவசம். கண்ணும் காதும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் தரியாகஞ்சில் டாக்டர் ஷ்ராஃப் அறக்கட்டளை மருத்துவமனை இருக்கிறது.

கருவியோடு, சத்தமில்லாத அறையில், தமிழ் தெரிந்த ஒருவர் எனக்கு நினைவுச் சோதனையை மறுபடி நடத்தினார். கணக்கு சரி, கனசதுரம் சரி. ஐந்து சொற்களில் இரண்டு கடைசிவரை வரவில்லை. அது வயதா, வேறா என்று வருடாவருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், போகிறேன். பழைய பயம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் இப்போது என்னிடம் எது குறைகிறது என்று பார்த்துச் சொல்ல முடிகிறது.

எங்கள் மாடியில் ஒரு மலையாளி அம்மாள் இருக்கிறார், என்னைவிட மூத்தவர். சேச்சிக்கு மறதி வந்துவிட்டது, இந்தியே பேசுவதில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். அடுத்த வாரம் அவரை நான் கூட்டிப் போகிறேன். முதலில் காது, பிறகு கண், அதன் பிறகுதான் நினைவுச் சோதனை, அதுவும் மலையாளத்தில். அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. மலையாளம் பேசும் நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரியை டெல்லியில் நான் பார்த்ததில்லை.