பாட்டியின் ஐந்து டின் துளசி

 

தோட்டம்னு சொன்னா நம்ம பெரியவங்களுக்கு ரப்பர் தோட்டம்தான் ஞாபகம் வரும். கம்போங் மேடான் பிளாட்டில் நமக்கு ஏது மண்ணு? கோயிலில் துளசி வைக்கலாம்னு ஒரு பாட்டி சொன்னப்போ நாங்களும் தலையாட்டிட்டு மறந்துட்டோம். அவங்க மறக்கல. காலி பெயிண்ட் டின்களில் ஓட்டை போட்டு, முழங்கால் வலியோடு நாலு மாடி இறங்கி, ஒவ்வொன்றாக ஐந்து கன்றுகளைக் கொண்டு வந்து வைத்தார். எங்களுக்கு வெட்கமாகப் போச்சு.

அப்புறம் நாங்கள் தண்ணீர் ஊற்றப் போனால் விடமாட்டார். "வேரு அழுகிடும், போங்கய்யா!"

அனந்தாழ்வான் கதைதான் நினைவுக்கு வந்தது. திருமலையில் புஷ்ப கைங்கரியம் செய்ய யார் போவீர்கள் என்று ராமானுஜர் கேட்க, குளிருக்குப் பயந்து மற்றவர்கள் தயங்க, எழுந்தவர் அவர். அங்கே நந்தவனத்துக்கு ஏரி வெட்டும்போது, கர்ப்பிணி மனைவிக்கு மண் சுமந்து உதவிய சிறுவன் மேல் கோபத்தில் கடப்பாரையை வீசினார். கைங்கரியத்தில் பங்கு கேட்டால் விடுவாரா? காயம் பட்டது பெருமாளின் முகவாயில்! அதற்குத்தான் இன்றும் அங்கே பச்சைக் கற்பூரம் சாத்துகிறார்கள் என்பார்கள். அந்தக் கடப்பாரையைத் திருமலை வாசலில் இப்போதும் பார்க்கலாம்.

பாட்டி இப்போ கிள்ளானில் மகள் வீட்டில். துளசி எங்கள் பொறுப்பு. இரண்டு போய்விட்டது, அவர் சொன்னபடியே வேர் அழுகி. மிச்சம் மூன்று. புரட்டாசி சனிக்கிழமைக்குள் பத்தாவது ஆக்கணும்.

காலி டின் இருந்தா கொண்டு வாங்க. ஓட்டை நாங்க போட்டுக்கிறோம்.