பங்குனி அத்தத்தைத் தேர்ந்தவர்

செட்டிநாட்டில் எந்த நல்ல காரியத்தின் வரலாற்றைக் கேட்டாலும் பேச்சு கடைசியில் ஒரு கொடையாளியிடம் போய் நிற்கும். கல்லூரியா, வள்ளல் அழகப்பர். பல்கலைக்கழகமா, ராஜா சர் அண்ணாமலை செட்டியார். கோயில் திருப்பணியா, கடல் கடந்து கொண்டுவிக்கப் போன இடத்துப் பணம். இதில் பெரும்பகுதி உண்மைதான், மறுக்க வரவில்லை. ஆனால் காரைக்குடிக் கம்பன் விழாவையும் இதே வரிசையில் உட்காரவைத்து, செட்டியார் பணமும் அதைத் தொடங்கிய சா. கணேசனின் கம்பன் பித்தும் கூடி விழாவாயிற்று என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவது எனக்கு நெடுநாள் உறுத்தல். பித்துள்ளவர்கள் புத்தகம் எழுதுவார்கள், பணமுள்ளவர்கள் மண்டபம் கட்டுவார்கள். 1939இல் தொடங்கிய ஒரு விழாவை ஆண்டு தவறாமல், அதே நட்சத்திரத்தில், சொன்ன மணிக்குத் தொடங்கி நடத்திக்கொண்டே இருப்பது வேறு வகை உழைப்பு. அந்த உழைப்புக்கு இந்த வடிவம் எங்கிருந்து கிடைத்தது என்று தேடிப் பார்க்கத் தோன்றியது.

கைக்கு எட்டும் பதில் ஒன்று உண்டு: ரசிகமணி டி.கே.சி. முதல் விழாவுக்குத் தலைமை ஏற்றவர் அவர்தான், கம்பனை வாய்விட்டுச் சொல்லி அனுபவிக்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே தொற்றவைத்தவரும் அவர்தான். கணேசனுக்கும் தொற்றியிருக்கும். ஆனால் நெல்லையில் டி.கே.சி.யைச் சுற்றிக் கூடிய வட்டத்தொட்டி நண்பர்கள் கூடிப் பேசிய இடம். ரசனை அங்கே ஊறியது, நிகழ்ச்சி நிரல் ஊறவில்லை. காரைக்குடி விழாவோ நேரம் தவறாமைக்கே பெயர் போனது. தலைவர் எவ்வளவு பெரியவரானாலும் கடிகாரம் அவருக்காகக் காத்திருக்காது. ஆகவே விழாவின் ருசி டி.கே.சி.யின் வட்டத்தில் இருந்து வந்திருக்கலாம், அதன் முதுகெலும்பு அங்கிருந்து வரவில்லை. முதுகெலும்புக்கு உள்ளூரிலேயே ஒரு நாற்றங்கால் இருந்தது. 1917இல் தோன்றிய இந்து மதாபிமான சங்கம், ராய. சொக்கலிங்கம், சொ. முருகப்பா போன்றோர் புழங்கிய இடம். 1919இல் பாரதியார் வந்து அந்தச் சங்கத்தையே பாடிவிட்டுப் போனார், நாம் இன்று காலண்டரில் பார்க்கும் பாரதி படங்களில் சில அந்தக் காரைக்குடி வருகையில் எடுத்தவை. 1927இல் காந்தி கதர் நிதிக்காகச் செட்டிநாட்டைச் சுற்றியபோது, இங்குள்ள வீடுகளில் அடைந்து கிடந்த சீமைச் சாமான்களைப் பார்த்து முகம் சுளித்தார். 1908இல் பிறந்த கணேசனுக்கு அப்போது வயது 19. பிறகு காங்கிரஸ், சட்டை போடாத மேனி, வேட்டி, துண்டு. ஊழியம் என்பதை ஒரு பயிற்சியாகவே கற்றுக்கொடுத்த சூழல் அது. இருந்தாலும் சங்கமும் கட்சியும் கூட்டம் நடத்தத்தான் கற்றுத்தரும். பங்குனி மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில், அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் என்று நட்சத்திரக் கணக்கில் விழாவை அடுக்கும் புத்தி எங்கிருந்து வந்தது?

இந்த இடத்தில் தேடல் ஒரு பழம்பாடலிடம் போய் மாட்டிக்கொள்கிறது. கம்பன் தன் காவியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றியது சகம் 807, பங்குனி அத்தம் என்று சொல்லும் தனியன் அது. கம்பனைப் பற்றி நம்மிடம் வாய் திறக்கும் சாட்சிகள் குறைவு என்பதால் இதைக் குடைந்து குடைந்து கேட்காதவர் இல்லை. சகம் 807 என்றால் கி.பி. 885. நாதமுனிகள் முன்னிலையில் அரங்கேற்றம் என்ற வைணவக் கதைக்கு இது ஏறக்குறைய ஒத்துவரும். ஆனால் ஒட்டக்கூத்தரும் கம்பனும் ஒரே அவையில் இருந்ததாக வழங்கும் கதைகளை நம்பினால் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு இறங்கிவிடும். சீவக சிந்தாமணியின் விருத்தம் கம்பனுக்குள் ஊறியிருப்பதைக் காட்டி 885 மிக முந்தியது என்பாரும் உண்டு. பாடலையும் விடாமல் காலத்தையும் விடாமல் இருக்க விரும்பியவர்கள் அந்த எண்ணையே 1107 என்று திருத்திப் படித்து 1185க்குக் கொண்டுவந்தார்கள். சாட்சியைக் கூண்டில் ஏற்றி, அவன் சொன்னது பிடிக்காமல் நாமே வாக்குமூலத்தை எழுதிக்கொண்ட கதை. நாட்டரசன்கோட்டையிலுள்ள கம்பன் சமாதியும் இதே ரகம். சோழனோடு பிணங்கிய கம்பன் பாண்டி நாட்டுக்கு வந்து, ஆடு மாடு மேய்க்கும் சிறுவனிடம் வழி கேட்டு இந்த ஊரை அடைந்து இங்கேயே அடங்கினான் என்பது ஊர் வழக்கு. பிறந்த குழந்தையின் நாவில் அந்தச் சமாதி மண்ணைத் தொட்டு வைக்கும் நம்பிக்கையும் உண்டு. கல்வெட்டுச் சான்று கேட்பவருக்கு இவற்றில் ஒன்றும் போதாது. நாளும் ஐயம், இடமும் ஐயம். இரண்டு ஐயங்களின் மேல் எழுப்பிய விழாவுக்கு மூலம் தேடுவது வீண் வேலை என்று இங்கே ஏட்டை மூடிவிடலாம்.

மூடாமல் இன்னொரு முறை பார்த்தபோதுதான் விஷயம் திரும்பியது. இந்தப் பாடலை வைத்து அடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் ஆண்டைத்தான் மாற்றினார்கள். பங்குனியையும் அத்தத்தையும் ஒருவரும் தொடவில்லை. ஆராய்ச்சிக்காரனுக்கு ஆண்டு இல்லாவிட்டால் கை ஓடாது, விழா எடுப்பவனுக்கு மாதமும் நட்சத்திரமும் போதும். நாயன்மார் குருபூசைகள் அப்படித்தானே நடக்கின்றன? அப்பர் எந்த ஆண்டில் முத்தியடைந்தார் என்று எந்த மடமும் விசாரிப்பதில்லை, சித்திரைச் சதயம் வந்தால் இலை போட்டாக வேண்டும். ஆழ்வார்களுக்குத் திருநட்சத்திரமும் இப்படியே. கணேசன் எடுத்துக்கொண்ட அச்சு இதுதான் என்பது என் வாதம். கம்பனுக்கு அவர் ஏற்படுத்தியது குருபூசை, இலக்கியக் கூட்டம் அதற்குள் உட்கார்ந்துகொண்டது. சொன்ன நேரத்தில் தொடங்குவதன் பொருளும் இப்போது விளங்குகிறது. கால பூசைக்கு எந்தப் பிரமுகரும் வந்து சேர வேண்டியதில்லை. ஆனால் பழைய அச்சை அவர் அப்படியே வார்க்கவும் இல்லை. சமாதியில் செய்யும் குருபூசை அடங்கிய நாளுக்கு உரியது, அத்தமோ அரங்கேறிய நாள். காவியம் வெளிவந்த நாளைக் கவிஞன் அடங்கிய மண்ணில் கொண்டாடுவது என்ற இந்தச் சேர்க்கைக்கு மரபில் முன்மாதிரி எனக்கு எங்கும் தட்டுப்படவில்லை. தற்செயலாக நேர்ந்ததாகவும் தெரியவில்லை. பிள்ளையார்பட்டித் தல வரலாற்றை எழுதியவர் கணேசன், கல்லெழுத்தோடு பழகியவர். தனியனின் பலவீனம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே, அதில் பயன்படும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் கொள்கிறேன்.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. சுயமரியாதை இயக்கம் இராமாயணத்தைத் தாக்கிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்தது, விழாவை நடத்தும் கம்பன் கழகம். அது எதிர்வினை, வைதிகக் கோட்டையின் ஒரு கொத்தளம் என்பார்கள். காலச் சூழலை மறுக்க முடியாது. அண்ணா, ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் மோதியது 1943இல்தான் என்றாலும், நெருப்பு அதற்கு முன்பே புகைந்துகொண்டிருந்தது. ஆனால் எதிர்வினையாகப் பிறப்பவை எதிரி ஓய்ந்ததும் ஓய்ந்துவிடும். இங்கே நடந்தது வேறு. கம்யூனிஸ்டு ஜீவா கம்பன் மேடையில் முழங்கினார். சுயமரியாதை இயக்கத்தோடு நெருங்கியிருந்த சொ. முருகப்பா பிற்காலத்தில் கம்பன் காவியத்தைப் பதிப்பிக்க உட்கார்ந்தார். கம்பனைத் தாக்கிக் கம்பரசம் எழுதிய அண்ணா முதல்வராக இருந்த 1968இல் கம்பனுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை வந்தது. கணேசனோ 1962இல் சுதந்திராக் கட்சியின் சார்பில் காரைக்குடிச் சட்டமன்ற உறுப்பினர். அவர் கனவு கண்ட தமிழ்த்தாய் கோயிலுக்கு 1975இல் அடிக்கல் நாட்டியவர் கலைஞர் கருணாநிதி. கொத்தளத்துக்குள் எதிர்ப்படையை இப்படி வரிசையாக விடுவார்களா?

பணத்தைப் பற்றிய ஆட்சேபத்துக்குப் பதில் இன்னும் எளிது. கழகம் பிறந்த மூன்றாம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தார்கள். செட்டிநாட்டின் பெருஞ்செல்வம் அங்கேதான் முடங்கியிருந்தது, அதில் திரும்பி வந்தது சொற்பம். பிற்பாடு பல ஊர்களில் வீடுகளின் தேக்குத் தூண்களைப் பெயர்த்து விற்கும் நிலை வந்தது. விழா நின்றதா? பணம் பெருகியதால் வளர்ந்த நிறுவனம் என்றால் பணம் வற்றியபோது சுருங்கியிருக்க வேண்டும். அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது, அங்கே கொடை இல்லாவிட்டால் காரியமே இல்லை. கம்பன் விழாவோ சொந்த மணிமண்டபம் எழுமுன்பே பல பத்தாண்டுகள் நடந்துவிட்டது. 1980இல் யாழ்ப்பாணத்தில் மாணவர்கள் சிலர் கம்பன் கழகம் தொடங்கியபோது அவர்களிடம் எந்தச் செட்டியார் பெட்டகமும் இல்லை. புதுச்சேரி, சென்னை, புதுக்கோட்டை என்று கழகங்கள் முளைத்தபோது அவை காரைக்குடியிடம் வாங்கியது நடைமுறையைத்தான்.

இருந்தும் நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்களிடமிருந்து கணேசன் வாங்கியது ஒன்று உண்டு, அது பணத்தைவிடப் பழையது. பொதுக் காரியத்துக்குப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி வைத்து, வந்ததையும் போனதையும் ஐந்தொகையில் காட்டும் பழக்கம். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி நடப்பதும், காசிச் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குப் பூசைப் பொருள் போவதும் தனி மனிதரின் தாராளத்தால் மட்டும் நடப்பவை அல்ல. ஆள் மாறினாலும் முறை மாறாத ஏற்பாட்டால் நடப்பவை. கணேசன் 1982இல் மறைந்தார். தமிழ்த்தாய் கோயில் 1993இல்தான் திறந்தது. இடையில் பங்குனி அத்தம் பத்துத் தடவைக்கு மேல் வந்துபோயிற்று, ஒவ்வொரு தடவையும் யாரோ பந்தல் போட்டு, விளக்கேற்றி, பந்தி பரிமாறியிருக்கிறார்கள். விழா மலர்களில் பேசியவர்களின் பெயர் வரிசையாக இருக்கும், பரிமாறியவர்களின் பெயர் இருக்காது. அவர்களைத் தேடுகிறவர் மலர்களை விட்டுவிட்டு வரவு செலவு ஏடுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அரிசி எத்தனை மூட்டை, யார் கையொப்பம் என்பதெல்லாம் செட்டிநாட்டுக் கணக்குப் புத்தகங்களில் விடுபடுவது அபூர்வம்.