கேஸ் ஏறல, மூடி லீக் ஆகுது: ஒரு இஞ்சி பீர் கதை

1/ போன கோடையில எனக்கு ஒரு கிறுக்கு. வீட்டுலயே இஞ்சி பீர் போட்டுப் பார்க்கணும்னு. பேருதான் பீர்; உள்ள இருக்கிறது இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, கொஞ்சம் ஈஸ்ட். நிஜ பீரை வீட்டில் தயாரிக்க நம்ம மாநிலத்தில் சட்டம் இடம் தராது. ஈஸ்ட் போட்டா இதிலும் கொஞ்சம் ஆல்கஹால் வரும். அதனால யாரையும் செய்யச் சொல்லி இதை எழுதல.

2/ ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கத்துல இருந்துக்கிட்டு இஞ்சிக்கா பஞ்சம்? 20 லிட்டர் பிளாஸ்டிக் பேரல், அடியில ஒரு குழாய். மூணு நாள் கழிச்சுக் குடிச்சா சப்புனு இருக்கு. கேஸே இல்ல. ஈஸ்ட் செத்துப்போச்சுன்னு நானே முடிவு பண்ணி, இன்னும் ஈஸ்ட், இன்னும் சர்க்கரை போட்டேன். டெஸ்ட் எடுக்காம மருந்தை ஏத்தின டாக்டர் கதை.

3/ கோலி சோடா போடுற அண்ணன் ஒருத்தர் வந்து பார்த்தார். சோப்பு நுரையைக் குழாய் வாஷர்லயும் மூடி ஓரத்துலயும் தடவினார். ரெண்டு இடத்துலயும் குமிழி. "ஈஸ்ட் நல்லாத்தான் இருக்கு டாக்டர். உங்க பேரல்தான் மூச்சு விடுது."

4/ கோலி சோடா பாட்டில் 1872ல ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கியது. கழுத்துல ரப்பர் வளையம், உள்ள கோலி. பாட்டிலைத் தலைகீழா வச்சு நிரப்புவாங்க. கோலி கழுத்துக்கு வரும், கேஸ் அதை ரப்பரோட அழுத்திப் பிடிக்கும். கேஸே பூட்டு! ரப்பர் விறைச்சுப்போனா லீக்.

5/ "அப்போ பேரலை டைட்டா மூடிடவா?"ன்னு கேட்டேன். "வேண்டவே வேண்டாம். பேரல் அந்த பிரஷருக்குச் செஞ்சது இல்ல. கேஸ் வேணும்னா அதைத் தாங்குற பாட்டில் வேணும்."

6/ நான் பாதிதான் காதுல வாங்கினேன். வீட்டுல கிடந்த கண்ணாடி ஸ்குவாஷ் பாட்டில்கள்ல ஊத்தி, மூடியை இறுக்கி மொட்டை மாடி ரூம்ல வச்சேன். மூணாவது நாள் ராத்திரி 2 மணிக்கு வெடிச் சத்தம். காலையில பார்த்தா ரூம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு. ஒரு துண்டு கதவு மரத்துல குத்தி நிக்குது, சரியா என் முக உயரத்துல.

7/ கணக்கு எளிது. பீருக்குத் தேவையான கேஸுக்கு லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரை போதும். 100 கிராம் சர்க்கரை முழுசா புளிச்சா சுமார் 25 லிட்டர் கரியமில வாயு வரும். வெயில்ல ஈஸ்ட் வேகமா வேலை செய்யும், சூட்டுல கேஸ் தண்ணியில கரைஞ்சு நிக்காது. ஈஸ்டுக்கு 'போதும்'னு சொல்லத் தெரியாது.

8/ சில மாசம் கழிச்சு, நைட் டியூட்டியில ஒரு தம்பி. இதே மாதிரி புளிச்ச ஜூஸ், கண்ணாடி பாட்டில், முகத்துக்கு நேரா திறந்திருக்கான். கருவிழி கிழிஞ்சிருந்தது. வீட்டுல தாய்ப்பால் விட்டு, துணியை இறுக்கிக் கட்டிக் கூட்டிட்டு வந்தாங்க. மேல் சிகிச்சைக்கு அனுப்பினோம். கண் மிஞ்சியது, பார்வை முழுசா திரும்பல. அவங்க அம்மா "பாட்டில்தானே சார்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு என் கதவுதான் ஞாபகம் வந்துச்சு.

9/ கண்ணுல கண்ணாடி குத்தினா:
• தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க.
• குத்தி நிக்கிற துண்டைப் பிடுங்காதீங்க.
• தாய்ப்பால், விளக்கெண்ணெய், கடையில வாங்கின சொட்டு மருந்து எதுவும் வேண்டாம்.
• ஒரு பேப்பர் கப்பைக் கண்மேல படாம கவிழ்த்து ஒட்டுங்க.
• சாப்பாடு, தண்ணி கொடுக்காதீங்க. ஆபரேஷன் தேவைப்படலாம்.
• 108, உடனே.

10/ வீட்டுல எதைப் புளிக்க வச்சாலும் மூடியில கேஸ் போக வழி இருக்கட்டும். கண்ணாடியில அடைக்காதீங்க. உப்பிப்போன, கல்லு மாதிரி ஆன பாட்டிலை முகத்துக்கிட்ட கொண்டு போகாதீங்க. ஃபிரிட்ஜ் ஈஸ்டைத் தூங்க வைக்கும், கொல்லாது.

11/ அண்ணன்கிட்ட நடந்ததைச் சொன்னேன். "லீக் ஆகுற பாட்டில் காசைத்தான் தின்னும் டாக்டர். லீக்கே ஆகாததுக்குத்தான் பயப்படணும்"னார். அந்தப் பேரல் இப்போ முருங்கைக் கன்னுக்குத் தண்ணி ஊத்துது. குழாய் இன்னும் லீக்தான். மாத்தல.