புனேயில் பழைய மைக் தேடுபவர்களுக்கு

புனேயில் புதனும் ஞாயிறும் ஜூனா பஜார் என்ற பழைய பொருள் சந்தை கூடும். எலக்ட்ரானிக்ஸ் என்றால் புத்வார் பேட் தப்கீர் கல்லி. கையில் காசு குறைவாக வைத்துக்கொண்டு பாட வருகிற பிள்ளைகளுக்குப் பழைய மைக்தான் நல்லது என்பேன், குறிப்பாக ஷூர் எஸ்எம்58. 1966-இல் வந்த மாடல், இன்றும் மேடைகளில் இருக்கிறது. வலைமூடி நசுங்கியிருந்தால் பரவாயில்லை, அதை மட்டும் மாற்றிவிடலாம். பயப்பட வேண்டியது போலிகளுக்குத்தான். அசல் சுமார் 300 கிராம் இருக்கும். கையில் லேசாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

கண்டென்சர் மைக்குக்கு இன்னும் கவனம் வேண்டும். 48 வோல்ட் பேன்டம் பவர் கொடுத்து, ஹெட்போன் மாட்டி, யாரும் பேசாத இடத்தில் கேளுங்கள். உள்ளே ஈரம் இறங்கியிருந்தால் சடசடவென்று இரையும். இந்த ஊர் மழைக்காலம் அப்படி.

சோதித்துப் பார்க்க விடாத கடையில், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.