மூன்றாம் தரம் சொன்ன பிறகு…

ஏலம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை உயர்த்திப் பிடித்து, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று கூவுவார்களே, அதுதானே? மூன்றாம் தரம் சொன்ன பிறகு, "பழத்தைத் தர மாட்டேன்" என்று கோயில் தலைவர் சொன்னால் கூட்டம் சும்மா விடுமா? ஆனால், இணைய ஏலத்தில் எங்களுக்கு அப்படி நடந்தபோது நான் வாயடைத்துத்தான் போனேன்.

2023-ஆம் ஆண்டு என் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மடிக்கணினி வேண்டும். புதிதாக வாங்கச் சீட்டுப் பணம் போதவில்லை. பழைய கணினி விற்கும் கடை ஒன்று இணையத்தில் ஏலம் விட்டது. இரவு பதினொரு மணிவரை விழித்திருந்து 1,180 வெள்ளிக்கு எடுத்தோம். 'நீங்கள் வென்றீர்கள்' என்று திரையில் வந்ததும் மகள் துள்ளிக் குதித்தாள்.

மறுநாள் காலையில் கடையிலிருந்து ஒரு செய்தி: "மன்னிக்கவும், பொருள் பழுதாகிவிட்டது." மாலையில் பார்த்தால், அதே கணினி, மூடியில் அதே கீறலுடன், 1,500 வெள்ளிக்கு விற்பனையில் இருக்கிறது!

"விடும்மா. நாமதான் இன்னும் காசே கட்டலையே, என்ன நட்டம்?" என்றார் என் கணவர். மகள் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். அந்த மௌனம்தான் என்னை நாலு பேரிடம் விசாரிக்க வைத்தது.

நான் அறிந்துகொண்டது இது: காசு கட்டாவிட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தமே. ஏலக்காரர் சுத்தியலைத் தட்டியதும் விற்பனை முடிந்தது என்கிறது நமது 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம். இணையத்தில் சுத்தியல் ஏது? நேரம் முடிந்து, வென்றவர் யார் என்று அறிவிப்பதையே அதற்கு ஈடாகச் சொல்லி வாதாடலாம். கணினி வழியாகச் செய்தது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது 2006-ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம். ஏலம் நடத்தும் தளத்தின் விதிகளையும் மறவாமல் படியுங்கள். விற்பவர் எப்போது விலகலாம் என்பது அதில் இருக்கும்.

2007-இல் ஆஸ்திரேலியாவில் இப்படியொரு வழக்கு நடந்தது. 'ஈபே' ஏலத்தில் ஒருவர் 'விர்ராவே' என்னும் பழைய விமானத்தை 150,000 டாலருக்கு எடுத்தார். வேறொருவர் அதிகம் தருகிறார் என்று விற்றவர் மறுத்தார். விமானத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கிடைத்தற்கரிய பொருள். மடிக்கணினியோ வேறு கடையிலும் கிடைக்கும். ஆகவே, இத்தகைய பொருளுக்கு நம் சட்டம் பெரும்பாலும் பொருளைத் தரச் சொல்லாது. நட்டத்தைத் தரச் சொல்லும். நட்டம் என்பது முழு விலையன்று. அதே தரத்தில் வேறிடத்தில் வாங்க எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க நேர்ந்ததோ, அந்த வித்தியாசம்தான்.

நாங்கள் கடைக்கு ஏழு நாள் தவணை கொடுத்து எழுதினோம். பதில் இல்லை. அதே வகைக் கணினியை வேறு கடையில் 1,450 வெள்ளிக்கு வாங்கினோம். வித்தியாசம் 270 வெள்ளி. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி மனுப் பதிந்தேன். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர், வியாபாரி மீது 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை.

விசாரணையன்று கடைக்காரரும் வந்தார். ஏல அறிவிப்பு, அவர் அனுப்பிய செய்தி, மறு விற்பனை விளம்பரம் மூன்றையும் தேதியோடு திரையில் படம் பிடித்து வைத்திருந்தேன். அவற்றைப் பார்த்ததும் "பழுது" என்ற பேச்சே எழவில்லை. 270 வெள்ளி தர ஒப்புக்கொண்டார். நாங்கள் பட்ட அலைச்சலுக்கும் ஏதாவது கேட்டேன், அது கிடைக்கவில்லை. மன்றத்தின் உத்தரவை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும் என்பதால், பணம் சொன்னபடியே வந்து சேர்ந்தது.

விற்பவர் வியாபாரி அல்லாமல், தம் பழைய பொருளை விற்கும் தனி மனிதர் என்றால், இந்த மன்றம் உதவாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவை நாட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் அது மோசடி. உடனே வங்கிக்கும் 997 எண்ணுக்கும் தொலைபேசியில் சொல்லி, போலீசில் புகார் கொடுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

எனவே, அன்பர்களே, ஏமாற்றம் வந்தால் முதலில் கோபப்பட்டு எழுதாதீர்கள்; முதலில் படம் பிடியுங்கள். வந்த 270 வெள்ளியை நான் மகள் கையில் கொடுத்தேன். அவள் அதை எண்ணிப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள், அவரும் சிரித்துவிட்டார்.