ஹாக்கிங் பேசியது யாருடைய குரலில்?

ஸ்டீபன் ஹாக்கிங் என்றதும் சக்கர நாற்காலி நினைவுக்கு வரும். கூடவே, ஏற்ற இறக்கம் அதிகமில்லாத அந்த இயந்திரக் குரலும் காதில் ஒலிக்கும். அந்தக் குரலுக்கு மூலம் ஒரு மனிதரின் தொண்டை. அவர் பெயர் டென்னிஸ் கிளாட்.

1938-ல் பிறந்த அமெரிக்கர். படித்தது மின்பொறியியல். 1960-களில் மாசசூசெட்ஸில் உள்ள எம்.ஐ.டி-யில் சேர்ந்தவர், கடைசி வரை ஒரே கேள்வியின் பின்னால் போனார்: மனிதன் பேசுவதை ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா?

ஒரு சின்னப் பரிசோதனை. 'ஆ' என்று இழுத்துக்கொண்டே 'ஈ'க்கு மாறிப் பாருங்கள். தொண்டையில் குரல் நாண்கள் முன்போலவே அதிர்கின்றன. நாக்கும் தாடையும்தான் இடம் மாறுகின்றன. குரல் நாணிலிருந்து உதடு வரை உள்ள பாதை ஒரு குழாய் மாதிரி. வளர்ந்த ஆணுக்கு அதன் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். குடத்தில் தண்ணீர் ஏற ஏற சத்தம் மாறுமே, அதுபோல இந்தக் குழாயின் வடிவம் மாறினால் ஒலியும் மாறும். நொடிக்கு எத்தனை அதிர்வில் குழாய் ஓங்கி ஒலிக்கிறது என்பதை வைத்தே நம் காது 'ஆ' எது, 'ஈ' எது என்று பிரித்தறிகிறது.

இந்த அடிப்படையை ஸ்வீடன் விஞ்ஞானி குன்னர் ஃபாண்ட் 1960-ல் ஒரு நூலாகவே எழுதிவிட்டார். கிளாட் அதைக் கணினியில் பேச வைத்தார். ஒவ்வோர் ஒலியும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, வாக்கியம் முடியும் இடத்தில் எவ்வளவு நீள்கிறது என்று மில்லி செகண்டில் அளந்து விதிகளாக்கினார். ஒலியை உருவாக்கும் கணினி நிரலை 1980-ல் ஆய்விதழிலேயே முழுதாக வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்!

அளந்து பார்க்கக் குரல் வேண்டுமே? வீட்டிலேயே இருந்தது. ஆண் குரலுக்குத் தன் குரல், பெண் குரலுக்கு மனைவியின் குரல், குழந்தைக் குரலுக்கு மகளின் குரல். 'டெக்டாக்' என்ற பேசும் கருவி வழியாக இந்தக் குடும்பக் குரல்கள் உலகத்துக்கு வந்தன.

1985-ல் நிமோனியா வந்த ஹாக்கிங்குக்குத் தொண்டையில் துளையிட வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த பேச்சும் போனது. பிறகு அவருக்குக் கிடைத்த கருவி, வேறொரு நிறுவனம் கிளாட்டின் ஆராய்ச்சியை வைத்துச் செய்தது.

அதே காலத்தில் கிளாட்டின் தொண்டைக்கும் ஆபத்து வந்தது. தைராய்டு புற்றுநோய். குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. ஆனாலும் வேலையை விடவில்லை. 1987-ல் ஆங்கிலம் பேசும் இயந்திரங்களின் வரலாற்றை, பழைய கருவிகளின் ஒலிப்பதிவுகளோடு தொகுத்து வெளியிட்டார். 1988 டிசம்பர் 30-ம் தேதி காலமானார். வயது 50.

பின்னாளில் இன்னும் இயல்பான குரல்கள் வந்தபோதும் ஹாக்கிங் மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். இதுதான் என் குரல் என்பது அவர் நிலை. 2018 மார்ச் 14-ல் அவர் மறையும் வரை அதே குரல்தான். கிளாட் இறந்து 29 ஆண்டுகளுக்குப் பிறகும், அவர் நலமாக இருந்த நாட்களின் குரலில் பிரபஞ்சத்தின் கதையை உலகம் கேட்டுக்கொண்டிருந்தது.